இரண்டு சென்ரிமீற்றர் அகலம்

நான் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்தாட்டம் ஆடிய காலத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்களை எந்த ஆட்டக்காரியும் அணிய முடியாது. எண்கள் நான்கில் தொடங்கிப் பதினைந்தில் முடிய வேண்டும். நடுவர் ஒரு விரலோ இரண்டு விரலோ மூன்று விரலோ காட்டினால் அது புள்ளியைக் குறிக்கும். மேசையிலிருந்து புள்ளிக்கணக்கு எழுதுபவர் அதை ஓர் ஆளின் எண் என்று எடுத்துவிடக் கூடாது. அதனால்தான் அந்த ஏற்பாடு என்று எங்களுக்குச் சொன்னார்கள். பிறகு விதி தளர்ந்துவிட்டது. இப்போது சைபரைக்கூட முதுகில் போட்டுக்கொண்டு ஓடலாம். ஆனால் நான் சொல்லப்போகும் வாரத்தில் விதி விதியாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் அதற்குக் காவல் நான்.

அப்போது பத்தாம் வகுப்பு, இரண்டாம் தவணை. திகதிகளை எழுதி வாசிப்பவரை வருத்தப்போவதில்லை. அவை என் நாட்குறிப்பில் பத்திரமாக இருக்கின்றன. கிழமைகளை மட்டும் சொல்கிறேன். பெயின்ற் காய்வதற்கு நாட்கள் வேண்டும் என்பதால் இந்தக் கதைக்குக் கிழமைகள் முக்கியம்.

எங்கள் பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் நின்றால் துறைமுகத்துக் கப்பல்களின் மேல்பாதி தெரியும். உப்புக்காற்றில் கூடைப்பந்து வளையம் துருப்பிடித்து, பந்து பட்டால் சிவப்புத் தூள் கொட்டும். வளையத்தில் தொங்கியது கடையில் வாங்கிய வலை அல்ல, மீன்வலைத் துண்டு. அதில் பந்து சிலவேளை சிக்கிக்கொள்ளும். அப்போது ஈர்க்குமாற்றால் தட்டி இறக்குவோம். இந்த வசதிகளோடுதான் விளையாட்டு ரீச்சர் ஒன்பது பேரைச் சேர்த்து ஓர் அணி அமைத்திருந்தார். அணியின் தலைவி நிரோஷா. எங்களில் உயரமானவள், குரலும் உயரம். நான் ஒன்பதாவது ஆள். என்னை ஆட்டத்துக்காகச் சேர்த்தாரா, விதிப் புத்தகத்தை வாசிப்பதற்காகச் சேர்த்தாரா என்று ரீச்சர் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த முறை முதன்முதலாக வலய மட்டப் போட்டிக்கு எங்கள் பெயர் போனது. அழைப்போடு உடை பற்றிய நிபந்தனைகளும் வந்தன. அதுவரை நாங்கள் உடற்பயிற்சி வகுப்புச் சட்டையோடு ஆடியவர்கள். நிபந்தனைகளை நான் மூன்று தடவை வாசித்தேன். பெயர் முதலில் வரும் அணி வெளிர் நிறம் அணிய வேண்டும். எங்களுடையது முதலில் வந்திருந்தது, ஆகவே வெள்ளை. எண் முன்னும் பின்னும் இருக்க வேண்டும். முதுகில் குறைந்தது இருபது சென்ரிமீற்றர் உயரம், முன்னால் பத்து. எண்ணின் கோடு இரண்டு சென்ரிமீற்றருக்குக் குறையாத அகலம். தெளிவான ஒற்றை நிறம். வளையல், சங்கிலி, தோடு ஒன்றும் ஆகாது. ஆட்டம் தொடங்க வேண்டிய நேரத்திலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் ஓர் அணி களத்தில் நிற்காவிட்டால், சைபருக்கு இருபது என்று தோற்றதாக எழுதிவிடுவார்கள்.

ரீச்சர் தடித்த வெள்ளைத் துணியில் ஒன்பது ஜேர்சி தைப்பித்துத் தந்தார். எண் போடும் வேலையை, யாரும் கேட்காமலே, என் மாமா ஏற்றுக்கொண்டார்.

மாமா அம்மாவின் தம்பி. மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு எண்ணும் பெயரும் எழுதுவது அவருடைய தொழில். திருகோணமலைக் குடாவில் மிதந்த படகுகளில் பாதிக்கு மேல் அவருடைய கையெழுத்தோடுதான் மிதந்தன. அவருடைய எண்களைத் தூரத்திலேயே அடையாளம் காணலாம்: நிழல் விழுந்திருக்கும், வால் சுருண்டிருக்கும், ஏழின் குறுக்கே ஒரு சின்ன அலை ஓடும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் படகென்றாலும் அணியத்தின், அதாவது படகு மூக்கின், உட்பக்கத்தில், சொந்தக்காரர் குனிந்து பார்க்காத ஓர் இடத்தில், ஒரு மீன் கீறிவிடுவார். ஏன் என்று கேட்டால், "அது சும்மா கிடக்கட்டும்" என்பார்.

திங்கட்கிழமை பின்னேரம் அவர் நீலப் பெயின்ற் பேணியும் மூன்று பிறஷுமாக எங்கள் முற்றத்துக்கு வந்தார். அணியின் எட்டுப் பேரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். நான் அடிமட்டத்தோடு நின்றேன்.

"மாமா, நிழல் போடக் கூடாது."

"ஏன்?"

"ஒற்றை நிறம் எண்டு விதி."

"வாலைக் கொஞ்சம் சுழிச்சு விடட்டே?"

"ஏலாது."

"ஒரு மீன்? கீழ்மூலையில, சின்னனா?"

"மாமா!"

மாமா பிறஷைக் காதில் சொருகிக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "அக்கா, இவளைக் கொண்டுபோய்த் துறைமுகத்தில சுங்கத்துக்கு விடு. ஒரு கப்பலும் உள்ளுக்கு வராது."

"விட்டா அவங்கள் திருப்பிக் கொண்டந்து தந்திடுவாங்கள்" என்றார் அம்மா, குசினிக்குள்ளிருந்து.

எட்டுப் பேரும் சிரித்தார்கள். நிரோஷா தனக்கு எட்டு வேண்டும் என்றாள். எண்கள் பிரிக்கப்பட்டன. ஒன்பது பேர் என்பதால் நான்கிலிருந்து பன்னிரண்டு வரை. டிலானிக்கு நான்கு. எனக்குக் கடைசி, பன்னிரண்டு. மாமா ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு நிறுத்தி, ஜேர்சியைத் தோளில் வைத்து, படகைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அப்படிப் பார்ப்பது எண்ணின் இடத்தைத் தீர்மானிப்பதற்காக என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

செவ்வாய்க்கிழமை எழுதினார். துணியில் பெயின்ற் ஊறிப் பரவிவிடும் என்பதால், முதலில் சோற்றுக் கஞ்சியைத் தடவி, காயவிட்டு, அதன்மேல் எழுதினார். பெயின்ற் உள்ளே இறங்காமல் துணிக்கு மேலேயே நின்றது. நான் ஒவ்வோர் எண்ணையும் அளந்தேன். எல்லாம் இருபது, எல்லாம் பத்து, கோடு எல்லாம் இரண்டரை. நிழலில்லை, சுழியில்லை. மாமாவின் வாழ்க்கையிலேயே அவ்வளவு உயிரற்ற எண்களை அவர் எழுதியிருக்க மாட்டார். நான் ரியூசனுக்குப் போய் வந்தபோது ஒன்பதும் கொடியில் தொங்கின. மாமா திண்ணமாகச் சொல்லிவிட்டுப் போனார்: "படகுக்கு அடிச்சா மூண்டு நாள் கரையில கிடக்கும். இதுவும் அப்பிடித்தான். வெள்ளி காலைமட்டும் கொடியில கிடக்கட்டும். ஸ்திரிக்கைப்பெட்டியைக் கிட்டவும் கொண்டு போகாத, உருகிப் போம்."

புதன்கிழமை கச்சான் காற்று எழும்பியது. எங்கள் பக்கத்தில் அந்த மாதங்களில் அது மேற்கிலிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு வரும். பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் வெள்ளை ஜேர்சிகள் ஒன்பதும் கொடியில் சுருண்டு முறுகிக் கிடந்தன. விரலால் தொட்டுப் பார்த்தேன், எண் ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்று தீர்மானித்தேன்.

சுருக்கத்தை என்ன செய்வது? ஸ்திரிக்கை போட முடியாது. ஆனால் எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் எந்தப் பெண்பிள்ளைக்கும் இதற்கு வழி தெரியும். வெள்ளைச் சீருடையின் மடிப்புக் கலையாமல் இருக்க இரவில் அதை மெத்தைக்குக் கீழே விரித்துவிட்டு மேலே படுப்போம். நான் ஒன்பது ஜேர்சிகளையும் எண் ஒழுங்கில், நான்கு அடியில், பன்னிரண்டு மேலே, மூலைக்கு மூலை பொருந்த, மெத்தைக்குக் கீழே அடுக்கினேன். புதன் இரவும் வியாழன் இரவும் அதன்மேல் படுத்தேன். புரண்டால் மடிப்பு விழும் என்று நேராக, மல்லாந்து, புதைபொருள் மாதிரிப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மெத்தையைத் தூக்கி எடுத்தபோது ஒன்பதும் ஒரே பலகையாக வந்தன. அது என் அடுக்கலின் சிறப்பு என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அப்படியே பையில் வைத்தேன்.

போட்டி ஒன்பது மணிக்கு, நகரத்தின் மறுபக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் மைதானத்தில். டிலானியின் அப்பா த்ரீவீலர் ஓட்டுபவர். எங்களை இரண்டு நடையாகக் கொண்டுபோய் இறக்கினார். எட்டு முப்பத்தைந்துக்கு நான் பையைத் திறந்து முதல் ஜேர்சியை உரித்தேன். உரித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒட்டுப்போட்ட கடதாசியைப் பிய்க்கும் சத்தம் கேட்டது.

பன்னிரண்டின் வயிற்றில் அதன் சொந்த எண் இருந்தது. முதுகில், அதன் சொந்த எண்ணின் மேலேயே, பதினொன்றின் முன்பக்க எண் இடவலம் மாறிய கண்ணாடி வடிவத்தில் பதிந்திருந்தது. பதினொன்றின் வயிற்றில் பன்னிரண்டின் முதுகில் பாதி. பத்தில் ஒன்பது, ஒன்பதில் எட்டு. என் எடையும் இரண்டு இரவுச் சூடும் சேர்ந்து ஓர் அச்சகமே நடத்தியிருந்தன. நிரோஷாவின் ஜேர்சியில் இருந்தது எந்த மொழியின் எழுத்து என்று சொல்ல முடியாது.

"இது என்ன?" என்றாள் நிரோஷா.

நான் மெத்தையைப் பற்றிச் சொன்னேன்.

"நீ இதுக்கு மேல *படுத்தனியா?*"

"புரளாமத்தான் படுத்தனான்."

நாட்குறிப்பில் அந்த இடத்தில் நான் எழுதியிருப்பது ஒரே வரி: "எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள்." உண்மையில் அவர்கள் பார்த்தது எனக்கு இன்றும் உறைக்கிறது. ஒரு மாதமாகத் துரு கொட்டும் வளையத்தின் கீழே ஓடியவர்கள். சிலர் வீட்டில் சண்டை பிடித்து, பின்னேர வகுப்பை விட்டு வந்தவர்கள். இன்னும் நாற்பது நிமிடத்தில் ஆடாமலே சைபருக்கு இருபது என்று எங்கள் பெயர் எழுதப்படும். அதற்குக் காரணம் நான், வேறு எவருமல்ல. ரீச்சர் நெற்றியில் கைவைத்துக்கொண்டு, "மற்றப் பக்கம் எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

மற்றப் பக்கம் என்றால் உட்பக்கம். கஞ்சியின் புண்ணியத்தால் பெயின்ற் உள்ளே இறங்கவேயில்லை. கழுத்துப் பக்கத்தால் விரித்துப் பார்த்தேன், உட்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஜேர்சிகளைப் புரட்டிப் போட்டால் வெற்றுச் சட்டை கிடைக்கும்; எண் மட்டும் வேண்டும். டிலானி வெளியே ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் அவளுடைய அப்பாவின் த்ரீவீலரில் கிடந்த கறுப்பு ரேப் ஒன்று, வயர் சுற்றுகிற ரேப், இருந்தது.

"முழுசா எடுங்கோ பிள்ளையள்" என்று அவர் வாசலில் நின்று சத்தம் போட்டார். "என்ர ஹோர்ன் வயர் ஒருநாளைக்கு அறுந்து கிடக்கட்டும். ரோட்டுக்கு ஒரு ஆறுதல்."

ஜேர்சிகளைப் புரட்டத் தொடங்கியபோதுதான் மீன்கள் வெளியே வந்தன.

ஒவ்வொரு ஜேர்சியின் உட்பக்கத்திலும், இடதுபக்கக் கீழோரத்தில், ஐஸ் பெட்டிகளில் எழுதும் அழியாத மையால், உள்ளங்கை அளவில் ஒரு மீன். ஒன்பதும் ஒன்பது விதம். நிரோஷாவுக்கு நெஞ்சை நிமிர்த்திய பாரை. குள்ளமாக, எல்லாருக்கும் நடுவால் நழுவி ஓடும் டிலானிக்கு நெத்தலி. எப்போதும் எதற்காவது முறைப்பாடு சொல்லிக் கன்னத்தை ஊதிக்கொண்டிருப்பவளுக்குப் பேத்தை, முள்ளெல்லாம் நிமிர்ந்தபடி. ஒன்றின் செதிலைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. நான் ரியூசனுக்குப் போன அந்த ஒரு மணி நேரத்தில், நான் அவரிடமிருந்து பறித்த அத்தனை சுழியையும் நிழலையும் மீன்களுக்குள் கொட்டியிருந்தார்.

எனக்குக் கணவாய். அது பீச்சிய மை, மூன்று வரியாக, எழுதின மாதிரி வளைந்து போயிருந்தது.

மதிலோரம் வேலையை விட்டு வந்து நின்ற மாமா, வானத்தில் எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா! மீன் கூடாது எண்டு சொன்னனான் எல்லே?"

"வெளியில கூடாது எண்டுதானே சொன்னனீ" என்றார் அவர். "நான் உள்ளுக்க கீறினனான். உள்ளுக்கு ஏதும் விதி இருக்கோ?"

இல்லை. நான் முழுப் புத்தகத்தையும் வாசித்தவள்; இல்லை. நிரோஷா சிரிக்கத் தொடங்கினாள். கோபத்தின் நடுவில் வந்த சிரிப்பு என்பதால் அவளால் நிறுத்த முடியவில்லை. ஒருத்தியிலிருந்து மற்றவளுக்குத் தொற்றி, பேத்தைக்காரிகூடக் கன்னத்தை இறக்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு என்மேல் இருந்த பார்வை அகன்றது. எல்லாரும் ஜேர்சியைப் புரட்டிப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

வளைவான எண்ணை ரேப்பால் ஒட்ட முடியாது. கல்குலேற்றரில் வருவதுபோல நேர்க்கோடுகளால் செய்யலாம். ஒன்பது எண்களுக்கும், முன்னும் பின்னுமாக, ஏழரை மீற்றர் ரேப் வேண்டும் என்று மனதில் கூட்டினேன். ஒற்றை இலக்க எண்களில் எட்டுக்குத்தான் ஏழு துண்டு. அந்த எண்ணைக் கேட்டு வாங்கியதற்காக நிரோஷா எல்லாரிடமும் பேச்சு வாங்கினாள். ஏழைத் தெரிவுசெய்தவளுக்கு மூன்று துண்டோடு முடிந்தது. அவள் பெரிய தியாகி மாதிரி நடந்தாள். எதிரணியின் தலைவி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தங்கள் முதலுதவிப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலைக் கொண்டுவந்து தந்தாள். அப்படியே நின்று மீன்கள் முழுவதையும் பார்த்துவிட்டு, "எங்களுக்கு இப்பிடி ஒண்டும் இல்லையே" என்று தன் சிவப்பு ஜேர்சியைக் கவலையோடு இழுத்து விட்டுக்கொண்டாள்.

முதல் துண்டை நான்கில் ஒட்டியபோதே, பழக்கதோஷத்தில், அடிமட்டத்தை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்று தசம் எட்டு.

இரண்டு சென்ரிமீற்றருக்கு இரண்டு மில்லிமீற்றர் குறைவு. இரண்டு பட்டியாக ஒட்டினால் சரிவரும்; ஆனால் பதினைந்து மீற்றர் வேண்டும். ஏற்கெனவே பாவித்த சுருள், எட்டு மீற்றர்கூட இருக்குமோ தெரியாது. நேரம் எட்டு ஐம்பத்தொன்பது.

"சரியா?" என்று கேட்டாள் டிலானி.

நான் அடிமட்டத்தைப் பையின் அடியில் வைத்தேன். "சரி" என்றேன்.

ஒன்பதே பத்துக்குக் கடைசித் துண்டை என் முதுகில் நிரோஷா ஒட்டினாள். சுருளில் ஒன்றிரண்டு முழம் மிச்சம் இருந்தது. கழற்ற நேரமில்லாமல் அதை மணிக்கட்டில் மாட்டியபடியே களத்துக்கு ஓடினேன்.

நடுவர் கிண்ணியாப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றின் கணக்கு வாத்தியார். கத்தரித்த நரைத்தாடி, மடிப்புக் கலையாத கறுப்புக் காற்சட்டை. விதியில் சரியான கண்டிப்பானவர் என்று கேள்வி. எங்களை வரிசையில் நிறுத்தி, முன்னும் பின்னும் நடந்து பார்த்தார். வெளியே தெரியும் தையல், கல்குலேற்றர் எண்கள், மீன்கள்.

"இது என்னத்த மகள்?"

"மீன் சேர்" என்றாள் நிரோஷா.

"மீன் எண்டு தெரியுது. பாரை. நல்லாக் கீறியிருக்கு." அவர் தன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். மூடினார். "மீனைப் பத்தி இதுல ஒண்டும் இல்ல."

அடுத்து ரேப்பைத் தொட்டுப் பார்த்தார். "எண்ணுட கோடு ரெண்டு சென்ரிமீற்றர் அகலம் வேணும். இது இரிக்கா? ஆரு அளந்த?"

எட்டுப் பேரும், நல்ல மனதோடு, என்னைக் காட்டினார்கள்.

அவர் என் முன்னால் வந்து நின்றார். என் வாழ்க்கையில் ஓர் அளவைப் பற்றி அதுவரை நான் பொய் சொன்னதில்லை.

"இருக்கு சேர்" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். "வளையல் போட்டுக்கிட்டு விளையாட ஏலாதே."

ரேப் சுருளை நான் கழற்றிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, வெளிச்சத்துப் பக்கமாகத் திருப்பி, கண்ணுக்கு நேரே உயர்த்தி, அந்த வட்டத்துக்குள்ளால் கொஞ்ச நேரம் பார்த்தார். வட்டத்தின் மறுபக்கத்தில் நான் நின்றேன். பிறகு அவர் சுருளைத் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"முடியட்டும், தாறன்" என்றார். விசிலை வாயில் வைத்தார். ஒன்பது பதின்மூன்று.

ஆட்டத்தைப் பற்றி நான் விரிவாக எழுதப்போவதில்லை. நாட்குறிப்பில் நான்கு பக்கம் இருக்கிறது, அதில் மூன்றரைப் பக்கம் வாசிக்க அலுப்பு. வலை நல்ல வலை என்பதால் பந்து சிக்காமல் விழுவது எங்களுக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. நான் ஆறு நிமிடம் ஆடினேன், ஒரு தடவை பந்தைச் சரியான ஆளிடம் கொடுத்தேன். மதிலோரத்தில் மாமாவுக்குப் பக்கத்தில் சனம் கூடிவிட்டது. யாரும் எண்ணைச் சொல்லிக் கூப்பிடவில்லை. "நெத்தலி, ஓடு!", "பேத்தைக்குக் குடு!" என்று கூவினார்கள். எதிரணியின் பெற்றோரும் கொஞ்ச நேரத்தில் மீன்பெயர்களைக் கற்றுக்கொண்டார்கள்.

மூன்றாவது கால்பகுதியில் நிரோஷா மூன்று பேருக்கு நடுவால் பாய்ந்து பந்தை வளையத்துக்குள் போட்டாள். அதே நேரத்தில் விசில் ஊதியது. அவள் எதிரணிக்காரியை மோதித் தள்ளியிருந்தாள். புள்ளி இல்லை, அவள் பெயரில் ஒரு தவறு. நடுவர் மேசையைப் பார்த்துத் திரும்பி, தவறு செய்தவளின் எண்ணைக் காட்டுவதற்காக அவளுடைய முதுகைப் பார்த்தார். வியர்வையில் எட்டின் இடதுபக்கத் துண்டுகள் இரண்டும் கழன்று விழுந்திருந்தன. எட்டு மூன்றாகியிருந்தது. அவர் யோசிக்காமல் மூன்று விரலை உயர்த்தினார்.

மேசையிலிருந்தவர் எங்கள் கணக்கில் மூன்று புள்ளியைச் சேர்த்தார். பலகையில் இலக்கம் மாறியது. மதிலோரம் வெடித்தது. மாமா முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப் பிடித்தார். நாங்கள் துள்ளினோம். எதிரணியின் பயிற்றுநர் மேசையை நோக்கி ஓடினார். நடுவர் தன் மூன்று விரல்களையும் தானே திரும்பிப் பார்த்தார்.

"இல்ல, இல்ல! அது எண்!"

"மூண்டு எண்டு ஒரு எண்ணே கிடையாது சேர்!" என்று மேசையிலிருந்து பதில் வந்தது.

அதுதான் விதி. அந்த விதி எதற்காக இருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக எவரும் விளக்கியிருக்க முடியாது. நடுவர் நிரோஷாவிடம் போய், "மூண்டாம் நம்பர் எண்டு ஒருத்தி இந்தப் பேப்பர்ல இல்லையே. எங்கயிருந்து மகள் வந்தநீங்க?" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. விசிலுக்குள் சிரித்ததால் அது துண்டு துண்டாக ஊதியது. மைதானமே சிரித்தது. பிறகு அவர் பைக்குள்ளிருந்து ரேப் சுருளை எடுத்து, பல்லால் கடித்துக் கிழித்து, நிரோஷாவை மறுபடி எட்டாக்கினார். மூன்று புள்ளியையும் பலகையிலிருந்து எடுக்கச் சொன்னார்.

பதினேழுக்கு இருபது என்று தோற்றோம். அந்த மூன்றை அவர் விட்டுவைத்திருந்தால் சமநிலை. அதைப் பற்றி எங்களில் ஒருத்தியும் வருந்தியதாக நாட்குறிப்பில் இல்லை. ஆடாமல் போயிருந்தாலும் எதிரணிக்கு இருபதுதான். எங்கள் பக்கத்துச் சைபர் இருந்த இடத்தில் பதினேழு இருந்தது. அதைப் பதினேழு தடவை சொல்லிக்கொண்டு த்ரீவீலரில் நெருக்கியடித்துத் திரும்பினோம். எதிரணித் தலைவி வாசல்வரை வந்து மாமாவைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் மாமா அவர்களுடைய சிவப்பு ஜேர்சிகளுக்கும் உள்ளே மீன் கீறிக் கொடுத்தார். எங்களுக்கு அவர் அதைச் சொல்லாதது துரோகம் என்று நிரோஷா இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

ஆட்டம் முடிந்தபோது நடுவர் சுருளை என்னிடம் திருப்பித் தந்தார். "உங்கட வளையல்" என்றார்.

அன்றைய நாட்குறிப்பின் கடைசிப் பந்தி ஆட்டத்தைப் பற்றியதல்ல. கண்டிப்பான ஒரு மனிதரை நான் ஏமாற்றிவிட்டேன் என்று எழுதி, அதைச் சிவப்பு மையால் கட்டம் போட்டிருக்கிறேன். அதன்பிறகு பஸ் நிலையத்தில் கிண்ணியா பஸ்ஸுக்கு அவர் நிற்பதைக் கண்டால் மறுபக்கத்தால் போய்விடுவேன். ஒருநாள் மாட்டிக்கொண்டேன். அவர் சிரித்தபடி பெருவிரலையும் சுட்டுவிரலையும் கொஞ்சம் இடைவெளி விட்டுக் காட்டி, "எப்பிடி மகள், அளவெல்லாம் சரியா?" என்றார். நான் கொஞ்சம் வளர்ந்திருக்கிறேன் என்று சொல்கிறார் என்று நினைத்து, "ஓம் சேர், ஒரு அங்குலம்" என்றேன். அவருக்கு ஏன் அவ்வளவு சிரிப்பு வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மேசைவிளக்கின் வயர் அறுந்துவிட்டது. கடையில் ஒரு கறுப்பு ரேப் வாங்கிவந்து, நுனியைத் தேடி, ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திச் சுற்றினேன். வெளிச்சம் வட்டத்துக்குள் விழுந்தது. உள்வளைய மட்டையில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: அகலம் பதினெட்டு மில்லிமீற்றர், நீளம் பத்து மீற்றர்.

கையில் கிடைத்த எல்லாவற்றையும் வாசிக்கிற பிள்ளை என்று பெயரெடுத்தவள் நான். அன்று அந்தச் சுருளைப் பத்து நிமிடத்துக்கு மேல் கையில் வைத்திருந்தேன். அவர் அதை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணுக்கு நேரே பிடித்தபோது, வட்டத்துக்குள்ளால் என்னைப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசித்துக்கொண்டிருந்தார்.